எல்சாவுக்கு நீ சொல்ல வேண்டிய பதில்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் முதலாளி எல்சாவுக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வேலைக்குத் திரும்பி வருகிறாயா, இல்லை அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்துக்கொண்டே உன் அப்பாவிடம் நீ சொன்னாய்: "நான் போகல்லப்பா. அம்மய இந்த நெலமையில விட்டிட்டு நான் எங்க போக?" நான் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது நன்றி அல்ல, கவலையும் அல்ல. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. கடலுக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவில், ஸ்டெல்லன்போஷ் மலையடிவாரத்தில், பழைய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு திராட்சைச் செடிகளுக்கு நடுவே நடக்கிற எல்சா என்கிற பெண்ணை ஜெயித்துவிட்டேன். மீனைத் திருப்பிப் போட்டேன். ஒரு துண்டுகூட உடையவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கே என்மேல் பயம் வந்தது. ஏனென்றால், என் இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, மக்களே. பிப்ரவரியிலும் இருந்ததில்லை. இந்தக் கடிதத்தோடு இருக்கிற ஈ.சி.ஜி. தாளைப் பார். தேதியையும் பார். அதை இத்தனை நாளும் என் கல்லூரிக் கால இலைத் தொகுப்புக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன்.

முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டேன், நீ பாதியில் தூக்கிப் போட்டாலும் இது மட்டுமாவது உனக்குக் கிடைக்கட்டும் என்று. ஆனால் இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். அதற்கு வரும்வரை பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை இரண்டு படி எழுதினேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை நம் பங்குக் கோயில் இதழுக்குக் கொடுக்கப்போகிறேன், நீ வேண்டாமென்று சொன்னால் ஒழிய. உன்னைப் பற்றி ஊரறியப் பொய் சொன்னவள் நான். திருத்துவதையும் ஊரறியத்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பொய் உனக்குத் தெரியும். நீ வைன் செய்யப் படிக்கிறாய் என்று இந்தக் கடியப்பட்டணத்தில் நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. பழச்சாறு கம்பெனி என்றேன். கோயில் வாசலில் கேட்டவர்களுக்கும் அதே பதில், பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கும் அதே பதில். உன் அப்பாவின் அக்கா, உன் மாமி, ஒருநாள் அவளுடைய மகனின் போனில் உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். நீ ஒரு பீப்பாய் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற படம். "ஏட்டி, ஒனக்க மோளு சாராயக் கம்பெனியிலயா இருக்கா?" என்றாள். "சாராயம் இல்ல மைனி, ஜூஸாக்கும்" என்றேன். "ஜூஸ எதுக்கு பீப்பாயில அடைக்கியாவ?" "அந்த நாட்டுல அப்பிடித்தான் அடைப்பாவ." மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒனக்கு பொய் சொல்லவும் தெரியல்ல, பிள்ளைய வளக்கவும் தெரியல்ல" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். அந்தச் சமயத்தில் நீ வீடியோவில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். மேசை மேல் கிடந்த போனில் என் கை தட்டி அழைப்பு எடுபட்டு, எல்லாவற்றையும் நீ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு, "ஜூஸ் கம்பெனியா அம்மா?" என்று மட்டும் கேட்டாய். அதற்கப்புறம் வேலையைப் பற்றி என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டாய். குறைந்த பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். எல்சாவிடம் போயிற்று. கதவை நானே திறந்துவிட்டு, திருடி வந்துவிட்டாள் என்று கூப்பாடு போட்டேன்.

வைன் ஒன்றும் நமக்கு அந்நியமில்லை. நம் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பீங்கான் பரணியில் போடுகிறோம். கறுப்பு முந்திரிப்பழம் என்று நாம் சொல்கிற திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, கிராம்பு. துணியால் வாய் கட்டி, தினமும் ஒரு நேரம் அவிழ்த்துக் கிளறுவோம். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை, அது பலகாரத்தோடு சேர்ந்தது. உனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் நான் பரணியை அவிழ்த்தேன். நீ வாசலில் நின்று, உள்ளே வராமலே, "அம்மா, இது நேத்து மாதிரி இல்ல. இண்ணு வேற மணம்" என்றாய். நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். உண்மை. சர்க்கரை மணம் போய் ரொட்டி மணம் வந்திருந்தது. அந்த மாற்றம் வருகிற நாளை உணர்கிற ஆள் இந்த வீட்டில் அதுவரை நான் ஒருத்திதான். உன் அப்பா மீனின் செவுளைப் பார்த்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்வார், ஆனால் அது கண்ணின் வித்தை. மூக்கு என்னிடமிருந்து வந்தது. அன்றைக்கு எனக்கு உண்டான கர்வத்தை உன்னிடம் சொல்லவில்லை. "பேசாம போயி படி" என்றேன். நம் வீடுகளில் பாராட்டு என்பது அப்படித்தான் வாய்க்கு வரும். அதுவும் ஒரு தப்புதான். நீ யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுக்கிற நாள் வந்தால், சரியாகச் செய்ததை உடனே சரி என்று சொல்லிவிடு. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தால், வேறு யாராவது இன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் நாகர்கோவிலில் தாவரவியல் படித்தது உனக்குத் தெரியும். மேலே படிக்க இடம் கிடைத்திருந்தது தெரியாது. திருவனந்தபுரத்தில். விடுதிக்குக் கொண்டுபோகப் பெட்டி கூட வாங்கியாயிற்று. அந்த மாதம்தான் உன் அப்பா வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், நல்ல மனிதர், நானும் சரியென்றேன். யாரும் என்னைக் கட்டிவைத்து அடிக்கவில்லை. உன் அப்பாவைக் கட்டியதில் எனக்கு ஒருநாளும் வருத்தமில்லை, அதை அவரும் படிக்கட்டும். பிறகு நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் பி.எட். முடித்து டீச்சரானேன். இருபது வருடமாக இலையின் குறுக்குவெட்டைப் பலகையில் வரைகிறேன். நீ தென்னாப்பிரிக்காவில் படிக்க இடம் கிடைத்தது என்று ஓடிவந்து சொன்ன அன்று, உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன் அல்லவா? எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். பாதிதான் ஆனந்தம். மீதி என்ன என்று அன்று பெயர் வைக்கத் துணிவில்லை. என் மகள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு தாய் அதைச் சொல்லக்கூடாது என்பார்கள். அதனால்தான் அதைச் சுமந்துகொண்டு போய், பழி போடுவதற்கு வசதியான ஓர் ஆளைத் தேடினேன். எல்சா கிடைத்தாள்.

எல்சாவுக்கு என் வயதுதான். இரண்டு மாதம் நான் மூத்தவள். அவளும் தாவரவியல் படித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தையும் வைன் கிடங்கையும் அவளே நடத்துகிறாள். அங்கேதான் நீ வேலை பழகினாய். இரண்டு வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் நான் உன்னிடம் வந்தபோது, விமான நிலையத்துக்கு உன்னோடு அவளும் வந்திருந்தாள். என் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தூக்கினாள். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை நீ தூக்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் முதல் அவளுடைய வண்டியில் ஊர் ஊராகப் போனோம். மழை பெய்து வெயில் அடித்தால் பாறைகள் முத்தாக மின்னுமென்று சொல்கிற பார்ல். மதத்துக்காக விரட்டப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் வந்து குடியேறிய ஃபிரான்ஷூக் பள்ளத்தாக்கு. கடலின் ஈரக்காற்று நேராக வந்து விழுகிற கான்ஸ்டன்ஷியா, அங்கேதான் மிகப் பழைய தோட்டங்கள். வடக்கே போகப்போகக் காய்ந்து கிடக்கும் ஸ்வார்ட்லாந்து, அங்கே கம்பி கட்டாமல், குட்டைப் புதர்களாகவே கொடியை விட்டிருந்தார்கள். தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று அடித்தது, நம் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு அக்கா மாதிரி. நோயை அடித்துக்கொண்டு போவதால் அதற்கு டாக்டர் என்று பெயர் என்றாய். அங்கே அது இலையுதிர் காலம், அறுவடை முடிந்து இலைகள் சிவந்துகொண்டிருந்தன. நான் வாய் திறந்து ஒன்றும் பாராட்டவில்லை. "நம்ம ஊருல இல்லாத பச்சையா?" என்றேன். உண்மையில் என் வயிறு எரிந்தது. இருபத்தோரு வயதில் நான் பார்த்திருக்க வேண்டிய நிலம் அது. எரிச்சலோடு பார்த்தாலும் ஓர் இலைகூட விடாமல் பார்த்தேன்.

ஸ்வார்ட்லாந்தில் ஓர் இடத்தில் எல்சா குனிந்து, கொடிகளுக்கு நடுவே முளைத்திருந்த ஒரு களையைப் பிடுங்கி எங்களிடம் காட்டினாள். நீ யோசித்துக்கொண்டிருந்தாய். நான் அதன் குடும்பத்தை லத்தீனில் சொன்னேன். பூவின் அமைப்பைப் பார்த்தாலே தெரிந்தது. எல்சா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு மாணவி டீச்சரைப் பார்ப்பதுபோல இல்லை, ஒரு வகுப்புத் தோழி பார்ப்பதுபோல இருந்தது. வேரைப் பற்றி ஏதோ கேட்டாள். நானும் வாயெடுத்தேன். அதற்குள் நீ, "அம்மா, அவங்க கேக்குறது என்னன்னா" என்று எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். நீ உதவியாகத்தான் செய்தாய். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது உனக்கே மறந்துபோயிருந்தது. அங்கே நான் உன் ஊரிலிருந்து வந்த அம்மா. சேலை கட்டின, ஊறுகாய் கொண்டுவந்த அம்மா. நான் வண்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ களைப்பு என்று நினைத்தாய்.

அன்று சாயங்காலம் நடந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கிடங்கில் ஏழு கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ருசி பார்க்க வேண்டும் என்றார்கள். எல்சா ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டிவிட்டு, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் துப்பினாள். பின்னாலேயே நீயும் துப்பினாய். பீடத்தில் சாமியார் கிண்ணத்தை உயர்த்தும்போது மண்டியிட்டுத் தலை குனிகிற ஊரில் பிறந்த பிள்ளை, வைனைத் துப்புகிறது! "துப்பாத மக்களே! பாவம் கிட்டும்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கிடங்கு முழுக்க எதிரொலித்தது. எல்சா, அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். நீ, "ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தாய். அந்தப் பொய் என்னைக் குத்தியது. என்னை ஒளித்துவைக்கிறாய் என்று நினைத்தேன். ஜூஸ் கம்பெனி என்று நான் உன்னை ஒளித்துவைத்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. வீம்புக்கு ஏழு கிண்ணத்தையும் முழுதாகக் குடித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் மாதா பாட்டு பாடினேன் என்று நீ சொல்லித்தான் தெரியும். ஊருக்கு வந்ததும் உன் அப்பா, "ஏட்டி, தென்னாப்பிரிக்காவுக்குப் போயி தண்ணியடிச்சிட்டு வந்த ஒரே டீச்சர் நீயாக்கும்" என்று ஒரு மாதம் கேலி செய்தார்.

ஆனால் மறுநாள் நடந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. உண்மையில் நான் என்ன சொன்னேன் என்று நீ எல்சாவிடம் சொல்லியிருக்கிறாய். அன்று அவள் என் முன்னால் ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்தாள், ஒரு வாய் குடித்தாள், விழுங்கினாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான். நான் இருந்த மூன்று வாரமும் என் முன்னால் அவள் துப்பவில்லை. அவள் என்னைக் கேலி செய்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! நல்லவளாக இருந்ததுதான் அவள் எனக்குச் செய்த பெரிய கொடுமை. வெறுக்க ஒரு காரணம்கூடத் தரமாட்டேன் என்கிறாளே என்று தேடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் வீட்டு முற்றத்திலேயே ஒன்று கிடைத்தது. வெள்ளையடித்த தூண்களுக்கு நடுவே தொங்கும் பழைய மணி. அந்தக் காலத்தில் அடிமைகளை வேலைக்கு எழுப்ப அடித்தது. அடிமைகளின் பெயரோடு பிடித்துவந்த ஊரைச் சேர்த்து எழுதுவார்களாம். இன்னார், வங்காளம். இன்னார், மலபார். இன்னார், சோழமண்டலக் கரை. பின்னாளில் வந்த கூலிக்காரர்களுக்குக் கூலியின் ஒரு பங்காக வைனையே கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் குடிக்கு அடிமையாக்கினார்களாம். இதெல்லாம் எல்சாவே சொன்னதுதான். அந்த மனிதர்களுக்காக என் மனம் அழுதிருக்க வேண்டும். அழவில்லை என்று இல்லை. ஆனால் அதற்கு முன்பே ஓர் அற்ப சந்தோஷம் வந்துவிட்டது. கிடைத்தாயா என்று. "அப்படியென்றால் இந்த நிலத்தை நட்டவர்கள் எங்கள் கரைக்காரர்களாகவும் இருக்கலாம்" என்று, நீ மொழிபெயர்க்க இடமே கொடுக்காமல், நேராக ஆங்கிலத்தில் சொன்னேன். எல்சா முகம் மாறவில்லை. "இருக்கலாம். மணியை இப்போது நாங்கள் அடிப்பதில்லை. ஆனால் அவர்கள் நட்டதன் பழத்தை நான்தானே விற்கிறேன்" என்றாள். நான் எறிந்த கல்லை அவள் குனிந்து எடுத்துத் தன் மடியிலேயே போட்டுக்கொண்டாள். எனக்குத்தான் கை வலித்தது.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நீ கூப்பிட்டாய். குன்றின் மேல் இருக்கிற பழைய ஷெனின் ரகத் திராட்சைச் செடிகளை, கம்பி கட்டாத அந்தக் குட்டைச் செடிகளை, எல்சா உன் பொறுப்பில் விட்டிருக்கிறாள், பழத்தை எந்த நாள் பறிப்பது என்பது உன் முடிவு, அதில் வருகிற வைனில் உன் பெயர் இருக்கும். "அம்மா, குப்பியில எனக்க பேரு!" என்று கத்தினாய். நான் சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன், நான்கு நாள். ஐந்தாம் நாள் அந்தத் தோட்டத்தின் இணையப் பக்கத்தில் உன் பேட்டியை வாசித்தேன். மணம் பிடிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டிருந்தார்கள். எல்சா என்று சொல்லியிருந்தாய். அவர் எனக்கு இன்னொரு அம்மா என்றும் சொல்லியிருந்தாய். பிள்ளை பெறாமலே என் பிள்ளையை அவள் பெற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அதை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கள்நகர் பேருந்து நிலையத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதுவரை உண்மை. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை டீச்சர், வேளைக்குச் சாப்பிடுங்கள்" என்றார். இதுவும் உண்மை. உன்னிடமும் உன் அப்பாவிடமும், இருதயம் பலவீனமாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அது பொய். வா என்று நான் உன்னைக் கூப்பிடவில்லை. "நீ வரண்டாம் மக்களே, ஒனக்கு அறுவடைல்லா" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்னால் நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நீ வாசலில் நின்றாய். இன்னொரு டாக்டரைப் பார்ப்போம் என்று நீ கெஞ்சியபோதெல்லாம், பயமாக இருக்கிறது என்று அழுதேன். அந்தப் பயம் மட்டும் பொய்யில்லை.

பெரிய தப்பு என்று சொன்னேனே, அது இதுதான். நீ வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எல்சாவிடம் பேசினாய். இன்னும் பொறு, புளிப்பு இறங்கட்டும், விதை பழுப்பாகட்டும் என்று இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். அன்று மத்தியானம் நீ எனக்கு டாக்டர் எழுதிய சத்து மாத்திரை வாங்கக் குளச்சலுக்குப் போயிருந்தாய். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அங்கே அது காலை நேரம், எல்சா செடிகளுக்கு நடுவிலிருந்தே கூப்பிட்டாள். நான் எடுத்தேன். முதலில் என் உடம்பைத்தான் விசாரித்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இன்று காலை பழத்தைக் கடித்துப் பார்த்தேன். என் நாக்குக்குத் தயாராகிவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் நாள் குறிக்க வேண்டியது அவள். வெயில் ஏறிக்கொண்டு போகிறது. நாளை விடியலில் பறிக்கலாமா என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லாமல் நான் தொடமாட்டேன்." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்த அழைப்பு வந்த தடத்தையும் போனிலிருந்து அழித்தேன். நீ மருந்தோடு வந்து, "யாராவது விளிச்சாவளா அம்மா?" என்று கேட்டாய். "இல்லியே" என்றேன். உன் கையிலிருந்து மாத்திரையை வாங்கி, உன் கண் முன்னாலேயே விழுங்கினேன்.

அவள் ஒரு நாள் காத்திருந்தாள். இன்னொரு நாளும் காத்திருந்தாள். வெயிலில் பழம் செடியிலேயே வாடத் தொடங்கியதும், பறித்துப் பொதுத் தொட்டியில் சேர்த்துவிட்டாள். இந்த வருடப் பழம் இந்த வருடத்துக்குத்தான். உன் பெயர் போட்ட குப்பி இனி இந்த வருடத்துக்கு இல்லை. உனக்கு இரண்டே வரியில் செய்தி அனுப்பினாள். நீ அதை வாசித்துவிட்டு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாய், என்னிடம் கூட இல்லை, சுவரைப் பார்த்து. கேட்டால் உன் மரியாதை போய்விடும் என்று நீ அவளிடம் கேட்கவில்லை. கேட்டும் பதில் சொல்லாத பெண்ணை மேலும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு நல்ல மனுஷிகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் அறிவுரை சொல்ல எனக்கு அருகதை மிச்சமிருந்தால், இதைச் சொல்வேன். உன்னை ஒருவர் மதிக்கவில்லை என்று தோன்றினால், அதை மனதில் ஊறப்போடாதே. ஒரு முறை நேராகக் கேட்டுவிடு. நடுவில் என்னைப்போல் ஒருத்தி இருக்கக்கூடும்.

ஜெயித்த சந்தோஷம் நேற்று சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. நாலு மணிக்கு உனக்குத் தேநீர் கொடுத்தேன். நானும் ஒரு வாய் குடித்தேன். பால் திரிந்திருந்தது. உடனே துப்பிவிட்டு, உன்னைத் தடுக்க ஓடிவந்தேன். நீ முக்கால் கிண்ணம் குடித்து முடித்திருந்தாய், போனில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே. "என்னம்மா?" என்றாய். வாசலில் நின்றபடியே பரணியின் மணம் மாறியதைச் சொன்ன பிள்ளைக்கு, கைக்குள் இருந்த பால் திரிந்தது தெரியவில்லை. நான் எல்சாவிடமிருந்து உன்னைப் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நான் பிடுங்கியது வேறு எதையோ.

உடனே துறைமுகத்துக்குப் போய் உன் அப்பாவைப் பார்த்தேன். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓர் ஐஸ் பெட்டியின் மூடியை அடித்துச் சாத்தினார். பிறகு, "இத எதுக்குட்டி எனக்கிட்ட சொல்லுக? எனக்கிட்ட சொன்னா எனக்கு தேஷியமும் கோவமும்தான் வரும். அவகிட்ட சொன்னா அவளுக்கு வேலயாவது கிட்டும்" என்றார். "அவ எனக்க முகத்துல முழிப்பாளா?" என்று கேட்டேன். "முழிக்கமாட்டா. கொஞ்ச நாளைக்கு முழிக்கமாட்டா. நீ செஞ்சதுக்கு அது கூடுதலா?" அவர் சொன்னது சரி. கூடுதல் இல்லை.

அதனால் இன்று காலை நீயும் அவரும் ஏலத்துக்குப் போனதும் இதைப் படியெடுத்து முடித்தேன். மருத்துவ லீவு இன்னும் மிச்சமிருக்கிறது. ரத்துசெய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். நோயாளி என்று இனி இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நீ இதைப் படித்ததும் எல்சாவைக் கூப்பிடு. வேலைக்குச் சம்மதம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் அதற்கு முன்னால், அவள் கேட்டாள் என்பது உனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல். அம்மா மறைத்துவிட்டாள் என்றே சொல். மறந்துவிட்டாள் என்று என்னைக் காப்பாற்றாதே. இந்த முறை என் வார்த்தையை அப்படியே மொழிபெயர்.

இதையெல்லாம் எழுதி முடித்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இந்த நிமிடம் கூட, நீ போனில் அவளோடு பேசப்போகிற குரலை நினைத்தால் எனக்குக் காந்துகிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும், அது என் பாடு. அதற்கு இனி உன் வருடங்களைத் தீனியாகக் கொடுக்கமாட்டேன். நாலு மணி வரை எனக்கு வகுப்பு இருக்கிறது, போனை எடுக்கமாட்டேன். ஐந்து மணிப் பேருந்தில் வந்து இறங்குவேன். கதவைச் சாத்தி வைத்திருந்தால் வெளியிலேயே நிற்பேன். திறந்தால், என் வயதையோ உடம்பையோ பார்த்து ஒரு சொல்லும் குறைக்காதே. வாய்க்கு வந்தபடி திட்டு. திட்டி முடித்த பிறகு, டிக்கெட் எந்தத் தேதிக்குப் போட்டிருக்கிறாய் என்று மட்டும் சொல்லு.

அம்மா